அத்தியாயம் 5: முதலில் யாரை விடுவது?

முந்தைய அத்தியாயங்களின்படி வேலை செய்திருந்தால், இப்போது உங்கள் வீட்டில் மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று கசியாமல் நிற்கிறது. அளவுக் கணக்கில் 132 லிட்டர். மணல், பாறை, மேல் விளிம்பில் விட்ட இடைவெளி எல்லாம் போக, 105 முதல் 110 லிட்டர் உப்புநீர் அதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மீன் மட்டும் இல்லை. வீட்டுப் பிள்ளைகள் "நீமோ எப்ப வரும்?" என்று நச்சரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

எதை, எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளி விட்டு உள்ளே விடுவது என்பதுதான் இந்த அத்தியாயம். உப்புத் தொட்டி வைத்துக் கைவிட்டவர்களை விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். சென்னைக்குப் போனோம், ஏழெட்டு மீன் வாங்கினோம், அன்று மாலையே கொட்டினோம், பத்து நாளில் தொட்டி காலி.

இங்கே சொல்லும் கணக்கெல்லாம் காடாம்புலியூரை மனத்தில் வைத்துச் சொல்வது. பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் நடுவில், சென்னை–கும்பகோணம் சாலையில் இருக்கிற ஊர். கடலூர்க் கடற்கரை ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீர். சுற்றிலும் முந்திரித் தோப்பும் முந்திரி உடைக்கும் ஆலைகளும். இவை ஒவ்வொன்றும் தொட்டியின் போக்கை மாற்றும். இடம் வரும்போது சொல்கிறேன்.

தொட்டி தயாரா?

கண்ணாடி தெளிவாக இருப்பதை வைத்துத் தொட்டி தயார் என்று முடிவு செய்யாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா மணலிலும் பாறையிலும் ஊற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். தெரிந்துகொள்ள வேண்டிய தத்துவம் இவ்வளவுதான். செய்ய வேண்டியது:

1. கட்டைவிரல் அளவு இறால் துண்டு ஒன்றை வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். உப்புப் போட்டது, மசாலா பட்டது வேண்டாம்.
2. இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் அம்மோனியா பாருங்கள். 2 பிபிஎம் வந்ததும் இறாலை எடுத்துவிடுங்கள்.
3. அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்கும். அந்த வாரங்களில் கண்ணாடியில் பழுப்பு நிறப் படிவு வரும். பயப்பட வேண்டாம், தேய்த்து எடுக்கவும் வேண்டாம்.
4. இரண்டும் பூஜ்யம் காட்டியபின், மூன்று நாள் தொடர்ந்து ஒரு சிட்டிகை மீன் தீவனம் போடுங்கள். அதற்குப் பிறகும் இரண்டும் பூஜ்யமாகவே இருந்தால்தான் தொட்டி தயார்.
5. அதன்பின் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

மீன் விடும் நாளில் இருக்க வேண்டிய அளவுகளைத் தாளில் எழுதித் தொட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: வெப்பம் 25 முதல் 28 டிகிரி, ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025, பிஎச் 8.1 முதல் 8.4, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள்.

குறிப்பு: "டேம்சல் ரெண்டு விடுங்க சார், தொட்டி தானா செட் ஆயிடும்" என்று கடையில் சொல்வார்கள். இறால் துண்டு செய்கிற வேலைக்கு உயிருள்ள மீனை ஏன் பலி கொடுப்பது? இன்னொரு காரணமும் உண்டு, கீழே வரும்.

தண்ணீரும் உப்பும்

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, கேனில் பிடித்து வந்துவிடலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். கடலூர்க் கரையில் பெண்ணையாறும் கெடிலமும் உப்பனாறும் கடலில் கலக்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரின் உப்பு கண்டபடி இறங்கும். ஊருக்குத் தெற்கே சிப்காட் ரசாயன ஆலைகள் வேறு. எந்த நாள் எந்த நீர் என்று வீட்டில் உட்கார்ந்து சோதிக்க முடியாது. மரைன் சால்ட் வாங்கிக் கரைப்பதே நிம்மதி.

லிட்டருக்கு 35 கிராம் என்பது அடிப்படைக் கணக்கு. 110 லிட்டருக்கு நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். உப்பில் ஈரம் இருப்பதால் எடையை மட்டும் நம்பாமல் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தே முடிவு செய்யுங்கள். மரக்காணம் கல்லுப்பு மலிவு என்று அதைக் கரைக்கக் கூடாது. அது சமையலுக்கான சோடியம் குளோரைடு. கடல்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் மற்றவையும் அதில் போதிய அளவு இருக்காது.

கரைக்கும் நீர் ஆர்.ஓ. நீராக இருக்கட்டும். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் பலர் கவனிக்காத ஒன்று: குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் அதில் இருக்கும். தொட்டிக்குப் பிடிக்கும்போது மெக்கானிக்கைக் கொண்டு அதை மூடச் சொல்லுங்கள். டி.டி.எஸ். மீட்டர் 10க்குக் கீழே காட்டினால் நல்லது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாததுதானே என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. அது செம்புச் சுருளைத் தொட்டு வருவது. செம்பு, நத்தைக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் விஷம்.

எத்தனை மீன்?

ஐந்து. 110 லிட்டருக்கு, வளர்ந்தபின் மூன்று நாலு அங்குலத்தைத் தாண்டாத மீன் ஐந்து. கடைக்காரரின் தொட்டியில் முப்பது நீந்துகிறதே என்றால், அவை அங்கே சில நாள் தங்கிப் போகிறவை. பின்னால் பெரிய ஃபில்டர் ஓடுகிறது. நன்னீரில் மோலியும் கப்பியும் வளர்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண்ணிக்கை கஞ்சத்தனமாகத் தோன்றும். உப்புநீரில் பிராணவாயு நன்னீரைவிடக் குறைவாகவே கரையும், சூடான உப்புநீரில் இன்னும் குறைவு. மே மாதத்தில் மின்சாரம் போன மதியத்தில், ஐந்து மீன் உள்ள தொட்டி தாக்குப் பிடிக்கும். பத்து உள்ளது பிடிக்காது.

வரிசை

சிறு தொட்டியில் முதலில் வந்தவர் இடத்தைப் பட்டா போட்டுக்கொள்வார். அதனால் பயந்தவர் முதலில், முரடர் கடைசியில்.

முதல் சுற்று, ஆறாவது வாரம்: துப்புரவுப் படை

கண்ணாடியில் பாசி மேயும் சிறு நத்தை நாலு, துறவி நண்டு இரண்டு. புதிய மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியில் (கீழே வரும்) இவற்றை வைக்க வேண்டியதில்லை; வந்த பையின் நீரை மட்டும் உள்ளே ஊற்றாதீர்கள். துறவி நண்டுக்கு அதன் முதுகுச் சிப்பியைவிடச் சற்றுப் பெரிய காலிச் சிப்பி நாலைந்து போட்டு வையுங்கள். போடாவிட்டால் நத்தையைக் கொன்று வீட்டைப் பறிக்கும். சிப்பி மாற்றுவதைப் பார்ப்பது சுவாரசியம். காலியை உருட்டிப் பார்க்கும், கொடுக்கை உள்ளே விட்டு அளக்கும், ஒரு நொடியில் மென்மையான பின்னுடலை வெளியே இழுத்துப் புதியதற்குள் செருகிக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் பழைய வீட்டுக்கே திரும்பிவிடும்.

இரண்டாம் சுற்று, பத்தாவது வாரம்: அமைதியான இருவர்

ஃபயர்ஃபிஷ் ஒன்று, பங்காய் கார்டினல் ஒன்று. ஒரே பயணத்தில் வாங்கி ஒரே தனிமைத் தொட்டியில் வைக்கலாம்.

ஃபயர்ஃபிஷ் வெள்ளை உடலும் செந்தீ நிற வாலும் உள்ளது. பயந்த சுபாவம், பயந்தால் துள்ளும். மூடியில்லாத தொட்டியில் விட்டால் காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். கண்ணாடி மூடி சூட்டை அடைத்து வைக்கும் என்பதால் சட்டம் கட்டிய நைலான் கொசுவலையே நம் ஊருக்கு ஏற்ற மூடி.

பங்காய் கார்டினல் இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளைச் சேர்ந்தது. ஆண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். பிறந்த இடத்தில் அளவுக்கு மீறிப் பிடித்ததால் அருகிவிட்ட மீன் இது. பண்ணையில் பிறந்ததுதானா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் வாங்குங்கள். ஒன்று போதும். இரண்டு ஆண்கள் சேர்ந்துவிட்டால் ஒன்று மிஞ்சாது.

மூன்றாம் சுற்று, பதினாறாவது வாரம்: கோமாளி ஜோடி

2003-ல் வந்த நீமோ படத்துக்குப் பிறகு உலகம் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மீன் இதுதான். நான்கு மாதம் பிள்ளைகளைக் காக்க வைப்பது கஷ்டம்தான். ஆனாலும் கோமாளியை முதலில் விடாதீர்கள். குணத்தில் சாது போலத் தெரிந்தாலும் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருகிறவரை விரட்டும். முதலில் வந்த ஃபயர்ஃபிஷ் ஒளிய இடம் பழகியபின் கோமாளி வந்தால் சண்டை பெரிதாகாது.

இரண்டு வாங்குங்கள், ஒன்று பெரியது, ஒன்று நன்றாகச் சிறியது. ஒரே அளவில் இரண்டு வேண்டாம். கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே முதிரும். ஜோடியில் பெரியதும் வலியதும் பின்னர் பெண்ணாக மாறும். அளவு வேறுபட்டால் யார் பெரியவர் என்ற கேள்வியே எழாது. சேர்த்த முதல் சில நாள்களில் சிறியது பெரியதன் முன்னால் சற்றுச் சாய்ந்து உடலை வெடவெடவென்று நடுக்கும். நோய் என்று பயந்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். "நான் அடங்கிப் போகிறேன்" என்கிற அறிவிப்பு அது. ஜோடி அமைந்துவிட்டது என்று அர்த்தம்.

கடல் அனிமோன் இல்லாமல் கோமாளி வாழாது என்று சொல்லி அதையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பண்ணையில் பிறந்த கோமாளி அனிமோனைப் பார்த்தே இருக்காது. அனிமோனுக்கு வலுவான விளக்கும் ஓராண்டாவது நிலைத்த நீரும் வேண்டும். சிறு தொட்டியில் அது செத்து அழுகினால் ஒரே இரவில் மற்றவற்றையும் கொண்டுபோகும்.

ஐந்தாவது இடம்

ஆறு மாதம் தொட்டி சீராக ஓடினால் யெல்லோ வாட்ச்மேன் கோபி ஒன்றும் அதற்குத் துணையாகப் பிஸ்டல் இறால் ஒன்றும். இறாலுக்குக் கண்பார்வை மட்டம். அது வளை தோண்டும், கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலின் ஒரு மீசை எப்போதும் கோபியின் உடலைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து என்றால் கோபி வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே. தரையில் வாழ்வதால் கோமாளிக்கும் இதற்கும் வம்பு குறைவு. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பாறைகளை மணல்மேல் வைத்திருந்தால் வளை தோண்டும்போது சரியும். பாறை தொட்டியின் அடிக்கண்ணாடியில் உட்கார்ந்திருக்க வேண்டும், மணல் அதைச் சுற்றி.

வாங்கக் கூடாதவை

நீல டேம்சல்: விலை மலிவு, சாகாது, அழகு. ஆறே மாதத்தில் தொட்டி முழுக்கத் தனக்கே என்று எல்லோரையும் கடிக்கும். பிடித்து வெளியேற்ற எல்லாப் பாறையையும் எடுக்க வேண்டியிருக்கும். மேலே சொன்ன இன்னொரு காரணம் இதுதான்.

டாங் வகைகள்: நீமோ படத்து டோரி உட்பட, இவற்றுக்கு ஆறடித் தொட்டியாவது வேண்டும்.

மாண்டரின்: கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்களை நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும்.

லயன்ஃபிஷ்: முள்ளில் விஷம். குழந்தைகள் கை விடும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது சட்டம். இதை இரண்டு முறை படியுங்கள். கடற்குதிரை, பவளம், கடலட்டை, விசிறிப் பவளம், சில பெரிய சங்கு சிப்பி வகைகள் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் அட்டவணைகளில் 2001-ல் சேர்க்கப்பட்டவை. பிடிப்பதும் விற்பதும் வாங்கி வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டு வீடியோக்களில் "உயிருள்ள பாறை" போடச் சொல்வார்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் வருவது மன்னார் வளைகுடாவில் உடைத்த பவளப் பாறையாக இருக்கலாம். அங்குள்ள 21 தீவுகள் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பீங்கான் பாறையோ செயற்கைப் பாறையோ போதும். பாக்டீரியா அதிலும் ஊறும், கூடுதலாக இரண்டு வாரம் பிடிக்கலாம். ராமேஸ்வரம் சுற்றுலாவில் வாங்கிய வெள்ளைப் பவளத் துண்டு வீட்டில் இருந்தாலும் அதை அலங்காரமாகப் போடாதீர்கள்.

எங்கே வாங்குவது, எப்படிப் பார்ப்பது

கடலூர் மாவட்டத்துக்காரருக்கு ஓர் அனுகூலம் உண்டு. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடவைத்துக் குஞ்சு வளர்க்கும் முறையில் நாட்டில் முன்னோடியாக வேலை செய்த இடங்களில் அது ஒன்று. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் கோமாளி, டேம்சல் வகைகளில் அந்த வேலையைச் செய்திருக்கிறது. குஞ்சு கிடைக்குமா, பயிற்சி நடக்கிறதா என்று முதலில் அங்கே விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் சென்னை கொளத்தூர். வண்ணமீன் வியாபாரத்துக்கு நாடறிந்த இடம்; மரைன் வைத்திருக்கும் கடைகளும் உண்டு.

கடையில் நின்று செய்ய வேண்டியது:

1. மீன் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். ஒரு வாரத்துக்கும் குறைவு என்றால் முன்பணம் கொடுத்து அங்கேயே வைக்கச் சொல்லுங்கள்.
2. உங்கள் கண்ணெதிரே தீவனம் போடச் சொல்லுங்கள். தின்னாத மீன் உங்கள் வீட்டிலும் தின்னாது.
3. பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறதா, உடலில் உப்புத் தூவியது போன்ற புள்ளி, தங்கத் தூசு போன்ற படலம், உரிந்த தோல் உண்டா, செவுள் வேகமாக அடிக்கிறதா?
4. அந்தத் தொட்டியில் செத்த மீன் ஒன்று கிடந்தாலும் அங்கிருந்து எதையும் வாங்க வேண்டாம்.
5. பண்ணைக் குஞ்சா, கடலில் பிடித்ததா? "ஃபார்ம் பிரீட்" என்று வாய்ச்சொல்லாகச் சொன்னால் எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி போடுங்கள்.
6. தொட்டி நீரின் ஒப்படர்த்தி என்ன? இதைக் குறித்துக்கொள்ளாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

ஆறாவது கேள்விக்குக் காரணம் உண்டு. உப்புச் செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணியை அடக்கவும் பல கடைகளில் 1.018, 1.020 என்று தாழ்த்தி வைத்திருப்பார்கள். அந்த மீன் உங்கள் 1.025-ல் நேராக விழுந்தால் அதிர்ச்சி தாங்காது.

வீட்டுக்குக் கொண்டுவருவது

சென்னையிலிருந்து பஸ்ஸில் நாலைந்து மணி நேரம். தெர்மாகோல் பெட்டி கட்டாயம். பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஆக்சிஜன். ஒரு பைக்கு ஒரு மீன். இரவு வண்டி ஏறுங்கள். பகலில் பஸ்ஸின் மேல் தட்டில் பெட்டி வெந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கமாகச் சொல்லப்படும் முறை, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விடுவது. அரை மணி நேரப் பயணத்துக்கு அது சரி. நீண்ட பயணத்துக்கு அது ஆபத்து. மூடிய பையில் மீன் விட்ட மூச்சு நீரின் பிஎச்சைத் தாழ்த்தியிருக்கும். தாழ்ந்த பிஎச்சில் அம்மோனியாவின் நஞ்சு அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் பிஎச் ஏறும், நஞ்சு விழித்துக்கொள்ளும். அந்த நீரிலேயே ஒரு மணி நேரம் வைத்துச் சொட்டு விட்டால் மீன் வெந்து போகும். ஆகவே:

1. தனிமைத் தொட்டியின் உப்பை, கடையில் குறித்த அளவுக்கே முன்கூட்டித் தயார் செய்து வையுங்கள்.
2. கட்டிய பையை அப்படியே இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். விளக்கை அணையுங்கள்.
3. பையைத் திறந்து ஒப்படர்த்தி பாருங்கள். தனிமைத் தொட்டியோடு 0.002-க்குள் ஒத்துப்போனால் தாமதிக்காதீர்கள்.
4. மீனைக் கிண்ணத்தால் மொண்டு உள்ளே விடுங்கள். வலையில் செவுள் முள் சிக்கும். பையின் நீர் சாக்கடைக்கு.
5. அடுத்த நாளிலிருந்து தினம் 0.001 முதல் 0.002 வரை உப்பை ஏற்றி உங்கள் பிரதானத் தொட்டி அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

தனிமைத் தொட்டி

நாற்பது லிட்டர் பிளாஸ்டிக் டப் போதும். உள்ளே மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிய, பிளம்பிங் கடை பி.வி.சி. எல்போ இரண்டு. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அதைப் பிரதானத் தொட்டியில் மூன்று வாரம் முன்பே போட்டு ஊறவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் டப்பில் அம்மோனியா ஏறும்.

நான்கு வாரம் இங்கே. நலமாகத் தெரிகிற மீனுக்கு மருந்து எதுவும் போடாமல் கவனியுங்கள். வெண்புள்ளி வந்தால் செம்பு மருந்து, லேபிளில் சொன்ன அளவில், செம்பு டெஸ்ட் கிட்டோடு. செம்பு இந்த டப்பில் மட்டுமே. பிரதானத் தொட்டிக்குள் ஒரு துளி போனாலும் பாறையும் மணலும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நத்தையும் இறாலும் வாழாது. டப்பின் வலை, குழாய், கிண்ணம் எல்லாவற்றுக்கும் சிவப்பு டேப் ஒட்டித் தனியாக வையுங்கள்.

"நல்லாத்தான் இருக்கு, நாலு வாரம் எதுக்கு?" என்று நேராகப் பிரதானத் தொட்டியில் விட்டுப் பிறகு வெண்புள்ளி வந்தால், எல்லா மீனையும் பிடித்து வெளியே வைத்து வைத்தியம் பார்க்க வேண்டும். தொட்டி இரண்டரை மாதம் மீனில்லாமல் கிடக்க வேண்டும். இந்தத் துறையில் புழங்கும் கணக்கு 76 நாள்.

பிரதானத் தொட்டியில் முதல் நாள்

மாலையில், விளக்கு அணைத்தபின் விடுங்கள். முதல் இரவு தீவனம் வேண்டாம். புதியவரைப் பழையவர் துரத்தினால் பாறையில் இரண்டை இடம் மாற்றுங்கள். எல்லைக் கோடு கலைந்து எல்லோரும் புதியவர் ஆகிவிடுவார்கள். அதற்கும் அடங்காத முரடருக்கு, கண்ணாடிக்கு வெளியே சிறு முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். இரண்டு நாள் தன்னோடு தானே சண்டை போட்டுக் களைத்துவிடும்.

தீவனம் தினம் இருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று தீரும் அளவு. உறைந்த மைசிஸ் இறாலை ஆர்.ஓ. நீரில் அலசிப் போடலாம்; மரைன் பெல்லட்டும் நல்லது. கடலூர்ப் பக்கம் மலிவாகக் கிடைக்கிற காய்ந்த சென்னாக்கூனி வேண்டாம். உப்பும் மணலும் தூசுமாக வரும், நைட்ரேட்டை ஏற்றும். வாரம் பத்து சதவீத நீர் மாற்றம் போதும்.

வெயிலும் மின்வெட்டும்

ஏப்ரல் முதல் ஜூன் வரை மீன் வாங்காதீர்கள். தொட்டியில் இருப்பதைக் காப்பாற்றுவதே வேலை. சில்லர் விலை அதிகம். தொட்டியின் நீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறியைச் சாய்த்து ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் நீர் ஆவியாகும். தினம் ஓரிரு லிட்டர் போகலாம். உப்பு ஆவியாவதில்லை. நூற்றுப்பத்து லிட்டரில் பத்தில் ஒரு பங்கு வற்றினால் லிட்டருக்கு 35 கிராமாக இருந்தது 39-ஐத் தொடும். வற்றியதை ஈடுகட்ட வெறும் ஆர்.ஓ. நீர் ஊற்றுங்கள், உப்புநீர் அல்ல. புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. கண்ணாடியில் மார்க்கர் கோடு போட்டு, தினம் காலையில் கோடு வரை நிரப்புங்கள்.

மின்சாரம் போனால் முதலில் தீர்வது பிராணவாயு. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். வீட்டு இன்வெர்ட்டரில் பவர்ஹெட்டை மட்டும் இணைக்கலாம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பம்ப் இரைந்து சூடாகும், சைன் வேவ் நல்லது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்த வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோது பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பேட்டரி செல் இரண்டு செட்டும், கரைத்த உப்புநீர் இருபது லிட்டரும் எடுத்து வையுங்கள். மின்சாரம் இல்லாத நாளில் தீவனத்தை நிறுத்துங்கள். ஆரோக்கியமான மீன் மூன்று நாள் பட்டினி தாங்கும்.

முந்திரி வறுக்கும் புகை, கொசுவர்த்திச் சுருள், பூச்சிமருந்து ஸ்பிரே எதுவானாலும் ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேராக நீருக்குள் ஊதும். பம்பைப் புகை வராத அறையில் வைத்து நீளமான டியூப் போடுங்கள். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை போதும்.

உங்கள் பாதுகாப்பு

1. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தொட்டியின் மின் இணைப்பை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகக் கொடுங்கள். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள்.
2. ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். வயர்மேல் ஓடிவரும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஸ்விட்ச் போர்டு தொட்டிக்கு நேர் கீழே வேண்டாம்.
3. கை விடும் முன் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள்.
4. பிளக்கில் வெள்ளையாக உப்புப் பூத்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் போடுங்கள்.
5. கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீண்ட ரப்பர் கையுறை. மீன்தொட்டிக் கிருமிகளால் வரும் தோல் புண் மாதக்கணக்கில் ஆறாமல் இழுக்கும். அப்படி வந்தால் மருத்துவரிடம் தொட்டி வைத்திருப்பதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது.
6. டியூபை வாயால் உறிஞ்சாதீர்கள். ரப்பர் பம்ப் விலை குறைவு.
7. இரும்பு ஸ்டாண்டு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெல்டிங் மூலைகளில் துரு பாருங்கள். மேலே நிற்பது ஒன்றரைக் குவிண்டாலுக்கும் மேல். புதிதாகச் செய்வதானால், பண்ருட்டிப் பக்கம் பலாக்கட்டைக்குப் பஞ்சமில்லை.

மீன் ஒன்று காணவில்லை என்றால்

தலை எண்ணுவதைத் தினசரி பழக்கமாக்குங்கள்; தீவன நேரம் அதற்கு வசதி. ஒன்று குறைந்தால் முதலில் தரையிலும் ஸ்டாண்டுக்குப் பின்னாலும், அடுத்து ஃபில்டர் உள்ளும் தேடுங்கள். கிடைக்காவிட்டால் உடனே அம்மோனியா சோதியுங்கள். பூஜ்யம் என்றால் பாறைக்குள் ஒளிந்திருக்கலாம். இரவில் விளக்கை அணைத்து டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றிப் பாருங்கள். 0.25-ஐத் தொட்டிருந்தால் உள்ளே எங்கோ அழுகுகிறது. பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்து உடலை வெளியேற்றி, எடுத்துவைத்த இருபது லிட்டர் உப்புநீரால் நீரை மாற்றுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அம்மோனியா பாருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யம் காட்டும்வரை அந்தக் காலி இடத்துக்கு வேறு மீன் வாங்காதீர்கள்.